பச்சைச் சுவர்

பூச்சு முடிந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டால், நான் முதலில் செய்வது புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பதுதான். உள்ளங்கை இதற்கு உதவாது. முப்பது வருஷத்துக்கு மேல் உப்புத்தாளும் பட்டித் தகடும் பிடித்துக் காய்த்துப்போன கை; சூடு, குளிர்ச்சி எதுவும் அதற்குத் தெரியாது. புறங்கையில் சில்லென்று பட்டால் பூச்சுக்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறது. சூளையில் வைக்காத கல்லைப் பச்சைக்கல் என்கிறோம் அல்லவா, அந்த மாதிரி இது பச்சைச் சுவர்.

எங்கள் பூதலூர்ப் பக்கம் பச்சைச் சுவர் மற்ற ஊர்களைவிட அதிக நாள் பச்சையாகவே கிடக்கும். இது ஆற்றுப் பாசன ஊர். கல்லணைக் கால்வாய், 1934இல் வந்தது, இன்றைக்கும் பெரியவர்கள் அதைப் புது ஆறு என்றுதான் சொல்வார்கள். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்து, சில நாளில் கல்லணையும் திறந்து, வாய்க்கால் வழியாக வயலெல்லாம் நிறைந்துவிட்டால் பூமிக்குள்ளும் தண்ணீர் மேலே வந்துவிடும். அஸ்திவாரத்தில் ஓதத்துக்குத் தடுப்பு வைக்காத வீடுகளில் சுவர் அடியிலிருந்து உறிஞ்ச ஆரம்பிக்கும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. அது விட்டால் மார்கழிப் பனி. தை பிறந்ததும் முகூர்த்தம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. குறுவை நெல்லைப் போட்ட பணம் கைக்கு வந்ததும் பூச்சு வேலையைத் தொடங்குவார்கள். அது ஐப்பசி மாதம். வருஷத்திலேயே சுவர் காயாத காலம் அதுதான். ஐப்பசியில் பூசிக் கார்த்திகையில் முடித்துத் தையில் குடிபோகிற வீடுகள்தான் இந்த வட்டாரத்தில் பாதி. நடுவில் பெயிண்டருக்குக் கிடைப்பது மார்கழி மட்டும். நான் திருத்தப்போன தவறுகளில் பெரும்பாலானவை அந்த மார்கழியில் செய்த வேலைகள். முதல் தவறு என்னுடையது.

அப்போது தனியாக வேலை எடுக்க ஆரம்பித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. ஸ்டேஷனுக்குத் தெற்கே ஒரு விவசாயி வீடு. புறங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.

“ஐயா, சுவரு காயலைங்க. ஒரு மாசம் விட்டீங்கன்னா நல்லாருக்கும்.”

“பத்திரிகை அடிச்சாச்சு தம்பி. இனிமே நாளை மாத்த முடியுமா? நீங்க அடிங்க, காத்தாடியப் போட்டு விடுவோம்.”

நான் அடித்தேன். அவர் சொன்னதால் அடித்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். சுவர் என் பொறுப்பு. கூடத்திலும் அடுப்படியிலும் தரையிலிருந்து மூன்றரை அடிக்கு இளம்பச்சையில் எண்ணெய்ப் பெயிண்ட் கேட்டிருந்தார்கள், துடைத்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று. கிரகப்பிரவேசத்தன்று கண்ணாடி மாதிரி இருந்தது. வந்தவர்களில் இரண்டு பேர் என்னிடம் அடுத்த வேலை சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாசி கடைசியில் ஆள் வந்து கூப்பிட்டது. போய்ப் பார்த்தால் அடுப்படிச் சுவரில் புளியங்கொட்டை அளவு கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே தண்ணீர், அதுவும் வெறும் தண்ணீர் இல்லை. வழவழவென்று, லேசாகப் பழுப்பேறி, விரலில் ஒட்டி இழுத்தது. பெயிண்டின் பின்பக்கம் இறுகவே இல்லை. பிசின் மாதிரி இருந்தது. விரலைக் கழுவினால் நுரை வந்தது.

நுரை ஏன் வந்தது என்பது பிறகுதான் விளங்கியது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது உள்ளுக்குள் சுண்ணாம்பு பிரிகிறது. புதுப் பூச்சின் காரத்தன்மை அளவுகோலில் 12க்கும் மேலே நிற்கும். வெறும் தண்ணீர் 7. எண்ணெயும் காரமும் ஈரத்தில் சேர்ந்தால் என்ன ஆகும்? தேங்காய் எண்ணெயில் காஸ்டிக் சோடா ஊற்றிச் சோப்புக் காய்ச்சுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நான் அந்த வீட்டுச் சுவரில் மூன்றரை அடி உயரத்துக்குச் சோப்புக் காய்ச்சி வைத்திருந்தேன்.

அன்றைக்கு அது தெரியாததால் இரண்டாவது தவறையும் செய்தேன். கொப்புளம் வந்த இடங்களை மட்டும் சுரண்டி, பட்டி வைத்து, தேய்த்து, அதே டப்பாவில் மிச்சமிருந்த பெயிண்டை மேலே அடித்துவிட்டு வந்தேன். சித்திரைக்குள் அதன் பக்கத்திலேயே புதுக் கொப்புளங்கள். ஈரத்துக்கு வெளியே வர வழி வேண்டும். ஒரு வாசலை அடைத்தால் அடுத்த வாசலைத் தேடும். மறைப்பது திருத்தம் ஆகாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் சுவர்தான். அப்புறம் எந்த வீட்டிலும் கெட்டுப்போன வேலைக்கு மேல் நான் பெயிண்ட் வைத்ததில்லை.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம் நானும் ஒரு பையனுமாகப் போய் மூன்றரை அடியையும் பூச்சு தெரிகிற வரைக்கும் சுரண்டினோம். கூலி வாங்கவில்லை. சுரண்டிவிட்டு, “இப்படியே கெடக்கட்டுங்க, நான் வந்து சொல்றப்ப அடிக்கலாம்” என்றேன். புது வீட்டில் கூடத்துச் சுவர் அம்மணமாக நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் கோபப்படவும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

“கொள்முதல் நிலையத்துல பதினேழு சதவீதத்துக்கு மேல ஈரம்னா நெல்ல எடுக்க மாட்டேங்குறான். திருப்பிக் கொண்டாந்து களத்துல கொட்டி, ரெண்டு நாள் காய வச்சு, மறுபடி கொண்டு போறேன். நெல்லுக்கு மெஷின் இருக்கு. சுவத்துக்கு ஒண்ணு இல்லையா தம்பி?”

அப்போது என்னிடம் இல்லை. அவர் வீட்டம்மாவிடம் இருந்தது. உள்ளேயிருந்து வந்து, “குடிவந்த அன்னிக்குப் பொறத்தாலே பெயிண்ட் அடிக்காத சுவத்துல மஞ்சள் வச்சேன். வச்ச கொஞ்ச நேரத்துல செவந்து போச்சு. கையில குங்குமம் ஒட்டியிருந்துச்சாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்” என்றார்.

குங்குமம் இல்லை. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கிறதே, அதேதான். மஞ்சள் காரத்தில் சிவக்கும். நான் ஒரு சிட்டிகை மஞ்சளைக் குழைத்து, சுரண்டிய சுவரில் கதவு மறைக்கும் மூலையில் தொட்டு வைத்தேன். கண் முன்னாலேயே செங்கல் நிறத்துக்குப் போனது. மூன்று வாரம் கழித்துப் பக்கத்திலேயே இன்னொரு பொட்டு. அது மெதுவாகத்தான் நிறம் மாறியது, அதுவும் இளம் காவியோடு நின்றுவிட்டது. காற்று பட்டுப் பட்டு மேல்பரப்பின் சுண்ணாம்பு தணிந்திருந்தது. அன்றிலிருந்து பெட்டியில் ஒரு சின்ன டப்பா மஞ்சள் இல்லாமல் நான் வேலைக்குப் போவதில்லை. பொட்டு வைக்கும் இடத்தை மட்டும் பார்த்து வைக்க வேண்டும், பரண் வருகிற இடம், சுவிட்ச் பெட்டி மூடுகிற இடம் என்று, கறை போகாது.

மஞ்சள் காரத்தைத்தான் சொல்லும், ஈரத்தைச் சொல்லாது. ஈரத்துக்கு ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி விட வேண்டும். காலையில் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இரண்டில் ஈரம்தான் பெரிய எதிரி. ஈரம் போய்விட்டால் காரம் இருந்த இடத்தில் கிடக்கும்; ஈரம்தான் அதைக் கரைத்து மேலே சுமந்து வருகிறது. சிமெண்ட் இறுக 28 நாள் என்பார்கள். அது பலம் ஏறுகிற கணக்கு. காய்கிற கணக்கு வேறு. சித்திரையில் பூசிய சுவர் அந்த 28 நாளில் காய்ந்துவிடும். கார்த்திகையில் பூசியது இரண்டு மாதம் ஆனாலும் காயாது.

அதே ஈரம் சுமந்து வருகிற இன்னொன்று உப்பு. போர் தண்ணீரில் உப்பு, சில சூளைக் கல்லில் உப்பு. பூச்சு காயும்போது தண்ணீர் வெளியேறி, உப்பு மட்டும் சுவர் மேல் தங்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் இலவம் பஞ்சை ஊதிவிட்ட மாதிரி இருக்கும். பூத்திருக்கிறது என்கிறோம், எவ்வளவு அழகான சொல்லை எதற்கு வைத்திருக்கிறோம் பாருங்கள்.

உப்பு பூத்த சுவரைக் கண்டால் எல்லாருக்கும் தோன்றுவது தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. என்னிடம் வேலை பார்த்த பையன்கூட நான் இல்லாத நேரத்தில் ஒரு அறை முழுவதையும் பளிச்சென்று கழுவி வைத்திருந்தான். பாவம், நல்ல எண்ணத்தில் செய்தது. கழுவிய தண்ணீரில் உப்பு கரைந்து திரும்பவும் பூச்சுக்குள்ளேயே போய்விட்டது. பத்து நாளில் முன்னைவிட அதிகமாகப் பூத்தது. உப்பை உலர்ந்த பிரஷ்ஷால்தான் தட்டி எடுக்க வேண்டும். கீழே பழைய துணி விரித்து, விழுகிற தூளை அப்படியே சுருட்டி வெளியே கொண்டுபோய்விட வேண்டும். ஒரு வாரம் விட வேண்டும். மறுபடி பூத்தால் மறுபடி தட்ட வேண்டும். திருக்காட்டுப்பள்ளி போகிற ரோட்டில் ஒரு வீட்டுக்கு இதற்காகவே ஆறு தடவை போயிருக்கிறேன். ஆறாவது தடவை பிரஷ்ஷில் ஒன்றும் வரவில்லை. ஆசிட் ஊற்றினால் ஒரே நாளில் போய்விடும் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆசிட் பூச்சையே தின்றுவிடும், அது விட்டுப்போகிற மிச்சமும் ஒரு உப்புதான். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

எத்தனை தடவை தட்டியும் நிற்கவில்லை என்றால் தண்ணீர் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. அப்போது பெயிண்டர் பெயிண்டை மறந்துவிட்டு வீட்டைச் சுற்றிவர வேண்டும். குளியலறைக் குழாய் இணைப்பு கசியலாம். வெளிச்சுவரை ஒட்டிச் செடி வைக்க மண் கொட்டி, மண்மட்டம் வீட்டுத் தரைக்கு மேலே போயிருக்கலாம். இதைப் பார்க்காமல் உள்பக்கம் ‘வாட்டர் புரூஃப்’ என்று எழுதிய டப்பாவை வாங்கி அடிப்பார்கள். ஓதம் அதற்கு மேலே ஏறும். முன்பு முழங்காலில் நின்றது இடுப்புக்கு வந்து நிற்கும்.

பட்டி விஷயத்தில் நடக்கிற தவறு இதற்கு நேர் எதிர். அங்கே தண்ணீர் போதாமல் கெடுகிறது. வெள்ளைச் சிமெண்ட் பட்டிக்கு இறுகுவதற்கு ஈரம் தேவை. நன்றாகக் காய்ந்த சுவரில் அப்படியே இழுத்தால் தாகமெடுத்த பூச்சு பட்டியிலிருக்கிற தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிடும். அது கெட்டியாகாமல் வெறும் மாவாகச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் பட்டிக்கு முன் சுவரை லேசாக நனைக்க வேண்டும். இவ்வளவு நேரம் காயவை காயவை என்று சொல்லிவிட்டு இப்போது நனை என்கிறானே என்று தோன்றும். மேல் தோலை நனைப்பது வேறு, உள்ளே ஈரம் நிற்பது வேறு. பையன்கள் காலையில் ஒரு மூட்டையை மொத்தமாகக் கலந்து வைத்துக்கொண்டு, இறுக இறுகத் தண்ணீர் விட்டு இளக்கி மாலை வரை இழுப்பதையும் பார்க்கிறேன். இறுகத் தொடங்கிய பட்டிக்கு மறுபடி உயிர் வராது.

திருத்தப் போகும்போது நான் உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்ப்பேன். கை வெள்ளையானால் நகத்தால் கீறுவேன். தூள் கொட்டினால் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியதுதான். பிரைமர் அடித்தால் பிடித்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். பிரைமர் மாவைப் பிடித்துக்கொள்ளும். மாவு எதைப் பிடித்துக்கொள்ளும்?

பூச்சில் இருக்கிற மேடு பள்ளத்தைப் பட்டி வைத்தே சரிசெய் என்று சொல்வதையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. இரண்டு கோட்டும் சேர்த்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பட்டி போகக்கூடாது, போனால் வெடிக்கும். மட்டப்பலகை வைத்துப் பார்த்து அலை பெரிதாக இருந்தால் கொத்தனாரைத்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். அதற்கு வீட்டுக்காரரிடம் மட்டுமில்லை, கொத்தனாரிடமும் பக்குவமாகப் பேச வேண்டும். “அண்ணே, ஒங்க வேலையில குத்தம் சொல்லல, ராத்திரி ஒரு நிமிஷம் வந்து பாருங்க” என்று கூப்பிடுவேன். இருட்டிய பிறகு ஒரு பல்பைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் ஒவ்வொரு அலைக்கும் பின்னால் நிழல் விழும். நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அவரே சாக்பீஸ் எடுத்து வட்டம் போட ஆரம்பித்துவிடுவார். இப்போது கூரையோரம் எல்.இ.டி. பட்டை வைக்கிறார்கள். அந்த வெளிச்சம் சுவரைத் தழுவிக்கொண்டு இறங்குவதால் முன்பு கண்ணில் படாத அலையெல்லாம் தெரிகிறது. அந்த வீடுகளில் பட்டிக்கு முன்னாலேயே பல்பு பிடித்துவிடுகிறேன்.

தூணும் பீமும் செங்கல்லைத் தொடுகிற இடத்தில் வருகிற நேர்க்கோட்டு விரிசலுக்குப் பட்டி மருந்தில்லை. பூசும்போதே கம்பிவலை அடித்திருக்க வேண்டும். அடிக்காத வீட்டில் பூச்சை அந்த இடத்தில் நீளமாக வெட்டி எடுத்து வலை வைத்துப் பூச வேண்டும். மற்ற மயிரிழை விரிசல்களைத் தகடு முனையால் அகலப்படுத்தி அடைத்தால் போதும்.

சின்னக் கறைக்கு டச்சப் செய்வது பற்றி ஒன்று. அதே டப்பா, அதே பெயிண்ட், ஆனாலும் தொட்ட இடம் தனியாகத் தெரியும். புதுப் பெயிண்டின் மினுக்கு வேறு, உறிஞ்சுகிற அளவு வேறு. ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை அந்தச் சுவர் முழுவதையும் அடித்தால்தான் கண்ணுக்குத் தெரியாது. மூலையில் வெளிச்சம் மாறுவதால் வித்தியாசத்தைக் கண் விட்டுவிடும்.

இவ்வளவும் சிமெண்ட் சுவரின் கதை. ஈரச் சுவரில் வர்ணம் வைக்கவே கூடாது என்று நான் பேசிக்கொண்டிருந்த காலத்தில், பூதலூரிலிருந்து ரயிலேறினால் சீக்கிரம் போய்விடுகிற தஞ்சாவூரில், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஈரச் சுவரில்தான் வர்ணம் வைத்தார்கள் என்று தெரியவந்தது. பெரிய கோவில் கருவறையைச் சுற்றியுள்ள உள்நடையில் இருக்கிற சோழர் ஓவியங்களைச் சொல்கிறேன். எல்லாரையும் உள்ளே விடுவதில்லை. நானும் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டுபிடித்தார். சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியல் அறிஞராக இருந்த எஸ். பரமசிவன் துணுக்குகளை ஆராய்ந்து, சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே தீட்டியவை என்று சொன்னார்.

எனக்கு முதலில் நம்ப முடியவில்லை. யோசிக்க யோசிக்க விளங்கியது. அவர்கள் வர்ணத்தில் சோப்பாக மாற எண்ணெய் இல்லை. தண்ணீரில் குழைத்த காவி, மஞ்சள் மண் போன்றவை. சுண்ணாம்பின் காரத்துக்கு அசையாதவை. ஈரச் சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரிவளியை உறிஞ்சித் திரும்பக் கல்லாக மாறும்போது வர்ணத்தையும் தன்னோடு சேர்த்துக் கல்லாக்கிவிடுகிறது. என் சுவரில் பெயிண்டைக் கொன்ற அதே சுண்ணாம்புதான் அங்கே வர்ணத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

அந்த முறையில் தவறு செய்தால் என்ன செய்வது என்பதுதான் பெயிண்டரான எனக்கு முதலில் வந்த கேள்வி. பூச்சு இறுகுவதற்குள் கோட்டை முடிக்க வேண்டும். இறுகிய பிறகு பிழை தெரிந்தால் அந்த இடத்துப் பூச்சையே வெட்டியெடுத்துப் புதிதாகப் பூசி, திரும்பத் தீட்டுவார்கள். மேலே தொட்டு மறைத்தால் அந்தத் தொடுகை மட்டும் சுவரோடு சேராமல் நாளடைவில் உதிர்ந்துவிடும். அடுப்படிச் சுவரில் நான் பட்ட பாட்டைத் தெரிந்த கைகள்தான் அவையும்.

நாயக்கர் காலத்தில் சோழர் ஓவியத்துக்கு மேலேயே பூசி வேறு ஓவியம் தீட்டினார்கள். தொல்லியல் துறையினர் பின்னால் அந்த மேல் அடுக்கைச் சிதையாமல் உரித்தெடுத்துக் கண்ணாடி இழைப் பலகைகளில் பொருத்தினார்கள். அடியிலிருந்ததும் கிடைத்தது, மேலிருந்ததும் தப்பியது. அரை மில்லிமீட்டர் பட்டியை அடியில் கீறல் விழாமல் உரிக்கவே எனக்குத் தெரியாது. அந்த வேலையைச் செய்தவர்களின் கையை ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு.

ஈரச் சுண்ணாம்பின் இந்தக் குணத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் மாமா எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த வேலையின் அருமை புரிந்தது. 1980களின் கடைசியில் அவரிடம் நான் சேர்ந்தபோது எங்களுக்கு வெள்ளையடிப்புதான் பிழைப்பு. பொங்கலுக்கு முந்தைய இருபது நாள் ராத்திரி பகல் தெரியாது. புதுச் சுவரா, பழைய சுவரா என்று மாமா கேட்டதே இல்லை. சுண்ணாம்பு எந்தச் சுவரிலும் உட்காரும், ஈரம் அதன் வழியாகவே மூச்சு விட்டு வெளியே போகும்.

இந்தத் தையில் குடிபோக நாள் குறித்திருக்கிற ஒரு வீடு இப்போது கையில் இருக்கிறது. பாலித்தீன் வியர்த்தது, மஞ்சள் சிவந்தது. வீட்டுக்காரப் பெண்மணி ஆசிரியை. மஞ்சள் பொட்டைப் பார்த்ததும் அவருக்கே விளங்கிவிட்டது.

“சரிங்கண்ணே. ஆனா விருந்தாளி வர்றப்ப சிமெண்ட் சுவரா நிக்கக் கூடாது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

“சுண்ணாம்பு அடிச்சுடறேம்மா. நாளு கழிஞ்சு சித்திரையில சுரண்டிட்டுப் பட்டி, பிரைமர், நீங்க கேக்குற கலரு. சுரண்டுற கூலி மட்டும் கூட ஆகும்.”

ஒத்துக்கொண்டார். நேற்று சாயங்காலம் தகர டிரம்மில் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். பையன் அது கொதிப்பதை இதுவரை பார்த்ததில்லை; நெருப்பே வைக்காமல் எப்படிண்ணே கொதிக்குது என்று தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள் என்று இரண்டு தடவை சொன்னேன். ராத்திரி முழுக்க ஊறிவிட்டது. இன்று காலை பழைய வேட்டியில் வடிகட்டி, ஒரு கை கல் உப்பும் வடித்த கஞ்சியும் விட்டு, துளி நீலம் கலந்து வைத்திருக்கிறேன். கிழக்கு அறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.